உங்களுக்குத் தெரியுமா? பரிசுச் சீட்டுக்குப் பின்னால் இத்தனை சட்டமா!

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் சுவீப் டிக்கட் மேசையைக் கடக்காமல் நடக்க முடியுமா? கிளிப் மாட்டி வரிசையாகத் தொங்குகின்றன மகஜன சம்பத, கோவிசெத, லக்ன வாசனா. ஆனால் ஒரு காலத்தில் இந்த வியாபாரத்தை ஒடுக்குவதற்கென்றே இங்கே சட்டம் போட்டார்கள்! 1844ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க லொத்தர் கட்டளைச் சட்டம். கொழும்புக்கு ரயில் வருவதற்கு 20 வருஷம் முன்னாலேயே லொத்தருக்குப் பூட்டு வந்துவிட்டது!

பூட்டிய அரசே பிறகு கடை திறந்தது! 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டத்தில் பிறந்ததுதான் தேசிய லொத்தர் சபை. ஒன்று போதாதென்று 1997ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் அபிவிருத்தி லொத்தர் சபையும் வந்தது. ஒரே நாடு, இரண்டு அரச லொத்தர் சபைகள்!

மகஜன சம்பத டிக்கட்டை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஆறு இலக்கங்கள். எத்தனை விதமாக வரலாம்? 26ஐ 10 இலட்சத்தால் பெருக்குங்கள். 2 கோடியே 60 இலட்சம்! 2024 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையில் இருந்தவர்களோ ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் பேர்தான். தொட்டில் குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு ஒரு டிக்கட் கொடுத்தாலும் 40 இலட்சத்துக்கு மேல் மிச்சம்!

மஹாபொல வாங்கிப் பல்கலைக்கழகம் போன பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? அந்தப் புலமைப்பரிசில் பணத்தில் சுவீப் டிக்கட் காசும் இருக்கிறது! 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான மஹாபொல நம்பிக்கை நிதியத்துக்குத் தேசிய லொத்தர் சபையின் வருமானத்தில் பங்கு போகிறது. ஜம்பட்டா வீதியில் நீங்கள் தோற்ற டிக்கட், பேராதனையில் யாரோ ஒரு பிள்ளையின் புத்தகம்!

லொத்தர் சபைகள் எந்த அமைச்சின் கீழ் இருக்கும்? நிதி அமைச்சு என்பீர்கள். 2017இல் இரண்டு சபைகளும் போய்ச் சேர்ந்த இடம் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சு! தூதுவர்களும் லொத்தர் டிக்கட்டும் ஒரே கூரையின் கீழ்!

இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள். லொத்தரில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேல் விழுந்தால் 14 வீத வரி உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் சொல்வது அது. ஆனால் அந்த வரியை நீங்கள் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதே இல்லை! பரிசைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். நீங்கள் முன்கூட்டிக் கட்டவேண்டிய தொகை எவ்வளவு தெரியுமா? பூச்சியம்!

இப்போது உங்கள் போனுக்கு வரும் செய்தியை எடுத்துப் பாருங்கள். "வாழ்த்துகள்! உங்கள் இலக்கத்துக்குப் பரிசு விழுந்துள்ளது. பரிசை விடுவிக்க வரிப் பணத்தை இந்தக் கணக்கில் வைப்புச் செய்யவும். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம்." நாலே வரி. நாலு வரியும் பொய்! விழுந்த பரிசிலிருந்து வரியைக் கழிப்பார்கள். பரிசு கைக்கு வருவதற்கு முன் வரி கேட்கும் சட்டம் இலங்கையில் இல்லவே இல்லை! அம்மாவிடமும் அப்பாவிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள். இப்படிப்பட்ட செய்தி முதலில் குறிவைப்பது அவர்களைத்தான்.

கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி. அதே வீதியில்தான் அபிவிருத்தி லொத்தர் சபை. அதே வீதியில்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும்! அதிர்ஷ்டத்தை விற்கும் இடத்திலிருந்து ஏமாற்றத்தை விசாரிக்கும் இடத்துக்கு நடந்தே போகலாம்!

நுகர்வோரைக் காப்பாற்ற இலங்கை போட்ட சட்டம் 1979ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம். அந்த வருஷத்தின் முதல் சட்டமே அதுதான்! நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டம்? 1987ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கம். அதுவும் அந்த வருஷத்தின் முதல் சட்டம்! இரண்டையும் சேர்த்து விழுங்கி வந்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். இன்றைக்கு நம்மைக் காப்பது அதுதான்.

அந்த 2003 சட்டத்தின் 30ஆம் பிரிவு ரத்தினம்! வியாபாரத்தில் நுகர்வோரை ஏமாற்றும், திசை திருப்பும் எந்த நடத்தையும் கூடாது என்கிறது. 31ஆம் பிரிவு பொய்யான வாக்குறுதிகளைப் பிடிக்கிறது. "5 பக்கெட் வாங்கினால் மோட்டார் சைக்கிள்" என்று பதாகை கட்டிவிட்டு மோட்டார் சைக்கிளே வாங்கி வைக்காத கடைக்காரர், இந்த இரண்டு பிரிவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்! முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கால எல்லை 3 மாதம். ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்! அதன் தொலைபேசி இலக்கத்தை மறக்கவே முடியாது: 1977!

"நீங்கள் 6 பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு 6 பேரைச் சேர்ப்பார்கள், உங்களுக்குக் கார் பரிசு!" கேட்டிருப்பீர்கள். பிரமிட் திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6, 36, 216 என்று ஏறும். 9ஆவது படியில் 1 கோடியைத் தாண்டும். 10ஆவது படியில் 6 கோடிக்கு மேல் ஆட்கள் வேண்டும். இலங்கையே போதாது! 13ஆவது படியில் 1,306 கோடி. உலகமே போதாது!

அதனால்தான் அது இங்கே தடை! வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு. நடத்துவது மட்டுமா குற்றம்? ஆரம்பிப்பது, விளம்பரம் செய்வது, பணம் போட்டு உதவுவது, முகாமை செய்வது எல்லாமே குற்றம்! யாருக்காவது நட்டம் வந்துவிட்டால் 3 முதல் 5 வருஷம் வரை கடூழியச் சிறை. மேலே 20 இலட்சம் ரூபாய் அபராதம், அல்லது வசூலித்த பணத்தின் இரட்டிப்பு. எது கூடவோ அது! மத்திய வங்கியின் முறைப்பாட்டு இலக்கம் 1935. மச்சான், மாமா, மாமி என்று சொந்தத்துக்குள்ளேயே பரவும் வியாதி இது. சேர்த்துவிட்டவரும் அழுகிறார், சேர்ந்தவரும் அழுகிறார். தடுக்கத்தான் வேண்டும்!

இலங்கையில் சூதாட்டத்தை 2025 வரை கட்டுப்படுத்திய சட்டம் எப்போது போட்டது தெரியுமா? 1889! 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம். 2025 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகச் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. இடையில் ஓடிய காலம் 136 வருஷம்!

கடல் தாண்டுவோம். தமிழ்நாட்டில் லொத்தரைக் கொண்டுவந்தவர் அறிஞர் அண்ணா. வருஷம் 1968. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற முழக்கம் பட்டிதொட்டியெல்லாம் பரவியது. 1975இல் கலைஞர் நிறுத்தினார். 1984இல் எம்.ஜி.ஆர். திரும்பக் கொண்டுவந்தார். 2003இல் ஜெயலலிதா தடை போட்டார். ஒரே சீட்டு, நாலு முதல்வர்கள், 35 வருஷம்!

பக்கத்து வீடான கேரளத்திலோ இன்றும் அரசே விற்கிறது! முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. டிக்கட் விலை 1 ரூபாய். முதல் பரிசு 50,000 ரூபாய்!

இந்தியாவின் 1998ஆம் ஆண்டு லொத்தர் சட்டத்தைப் படித்தால் மலைத்துப்போவீர்கள். ஒரு லொத்தருக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கல்தான். பம்பர் குலுக்கல் வருஷத்துக்கு 6தான். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கொடுக்கவே கூடாது! காலையில் வாங்கி மாலையில் தோற்று மறுபடி வாங்கும் கூலித் தொழிலாளிகளின் வயிற்றில் அடித்தது அந்த ஒற்றை இலக்கச் சீட்டுதான்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு லொத்தர் வாங்கப் பணம் அனுப்பலாமா? கூடாது! 2000ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளின் முதல் அட்டவணையிலேயே தடை. கால்பந்துப் பந்தயமும் சுவீப்பும்கூடப் பட்டியலில் பெயர் சொல்லி நிற்கின்றன! ஆக, "வெளிநாட்டு லொத்தரில் உங்களுக்கு விழுந்திருக்கிறது, பணம் அனுப்புங்கள்" என்று மதுரையில் ஒருவருக்குச் செய்தி வந்தால், பணம் கட்டுவதே அங்கே விதிமீறல்!

"கோன் பனேகா குரோர்பதி" பார்த்திருக்கிறீர்களா? 2007இல் பார்வையாளர்களுக்கு ஒரு குறுஞ்செய்திப் போட்டி. ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 பைசா. வந்து குவிந்தவை 5 கோடியே 80 இலட்சம் செய்திகள்! பெருக்கினால் ஏறத்தாழ 13 கோடியே 92 இலட்சம் ரூபாய். கொடுத்த பரிசு மொத்தம்? 1 கோடியே 4 இலட்சம்! தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் 1 கோடி ரூபாய் தண்டம் போட்டது. குறுஞ்செய்திக் காசிலிருந்துதான் பரிசு வந்தது என்பதற்குச் சான்று போதாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. அப்போது அது 12 வருஷத்துக்கு முந்திய போட்டி!

ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். கனடாவில் கம்பனிகள் நடத்தும் குலுக்கலில் பெயர் வந்தாலும் பரிசு உடனே கிடைக்காது. கணக்குச் செய்ய வேண்டும்! 12ஐ 4ஆல் பெருக்கி, 20ஐக் கூட்டி, 8ஐக் கழித்தால் எவ்வளவு? இப்படி ஒரு கேள்வி. வெறும் அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுப்பதைக் குற்றவியல் சட்டம் மறிக்கிறது. அதனால் திறமையையும் காட்டச் சொல்கிறார்கள். விடை பிழைத்தால் கார் போச்சு! (விடை 60. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.)

பரிசை எடுக்க ஒரு முத்திரைக் காசு செலவானால் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் சொன்ன தீர்ப்பைக் கேளுங்கள். "நீங்கள் ஏற்கெனவே வென்றுவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டால், அதைப் பெற முத்திரைச் செலவுகூட வாங்கக் கூடாது! பிரிட்டனில் வீடு வீடாக வந்த பரிசுக் கடிதங்களால் எழுந்த வழக்கு அது. எனக்கு உலகத்திலேயே பிடித்த தீர்ப்பு இதுதான். ஒரு முத்திரை!

அமெரிக்காவில் 1998இல் 88 வயது முதியவர் ஒருவர் கலிபோர்னியாவில் விமானம் ஏறி புளோரிடா போனார். கையில் ஒரு கடிதம். 1 கோடியே 10 இலட்சம் டொலர் விழுந்துவிட்டதென்று நம்பிப் போனார். போனது ஒரு தடவையா? இரண்டு தடவை! அந்தக் கடிதம் ஒரு சஞ்சிகைச் சந்தா விளம்பரம். நெஞ்சு கொதிக்கிறதா? அமெரிக்கக் காங்கிரசுக்கும் கொதித்தது! 1999இல் புதுச் சட்டம் வந்தது. "எதையும் வாங்கத் தேவையில்லை", "வாங்கினாலும் வெல்லும் வாய்ப்பு அதிகரிக்காது" என்று பரிசுக் கடிதங்களில் தெளிவாக அச்சிட்டே ஆக வேண்டும்!

நியூயோர்க் இன்னும் கெட்டி! மொத்தப் பரிசு 5,000 டொலரைத் தாண்டினால் 30 நாளுக்கு முன்பே அரசிடம் பதிவு. பதிந்தால் மட்டும் போதுமா? முழுப் பரிசுத் தொகைக்கும் முன்கூட்டியே பிணை! முதலில் பணத்தைக் காட்டு, பிறகு பதாகை கட்டு!

சட்டம் வந்தால் எல்லாம் அடங்கிவிடுமா? 2023இல் அமெரிக்காவின் பிரபல பரிசு நிறுவனமான பப்ளிஷர்ஸ் கிளியரிங் ஹவுஸ், வாங்கினால்தான் வெல்லலாம் என்று மயக்கியதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்க்கக் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 1 கோடியே 85 இலட்சம் டொலர்!

ஜப்பானில் பரிசு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கே அளவுகோல் உண்டு! வாங்கிய பொருளின் விலையில் 20 மடங்கு வரை. எப்படிப் பார்த்தாலும் 1 இலட்சம் யென்னைத் தாண்டக் கூடாது. மொத்தப் பரிசும் எதிர்பார்க்கும் விற்பனையில் 2 வீதத்துக்குள்! 100 யென் மிட்டாய் வாங்கிக் கார் வெல்லும் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

கைக்குழந்தைப் பால்மாவுக்குப் பரிசும் கூப்பனும் கொடுத்துத் தாய்மாரை இழுக்கக் கூடாது என்று 1981இல் உலக சுகாதாரப் பேரவை விதிக்கோவை இயற்றியது. ஆதரவு 118 நாடுகள். எதிர்ப்பு? ஒரே ஒரு நாடு. அமெரிக்கா!

1992இல் பிரிட்டனின் ஹூவர் கம்பனி ஒரு சலுகை அறிவித்தது. 100 பவுணுக்குத் தூசு உறிஞ்சி வாங்கினால் அமெரிக்கா போய்வர இரண்டு விமான டிக்கட் இலவசம்! டிக்கட்டோ சாமானைவிடப் பல மடங்கு விலை. சனம் கடையை மொய்த்தது. பறந்தவர்கள் 2 இலட்சத்துக்கு மேல். கம்பனிக்குக் கை கடித்தது ஏறத்தாழ 5 கோடி பவுண்!

அதே வருஷம் பிலிப்பைன்சில் நடந்ததை இன்றைக்கும் அங்கே யாரும் மறக்கவில்லை. பெப்சி போத்தல் மூடிக்கு உள்ளே மூன்று இலக்கம். இரவுச் செய்தியில் வெற்றி இலக்கத்தை வாசிப்பார்கள். உச்சப் பரிசு 10 இலட்சம் பீசோ. நாடே மூடி சேர்த்தது!

1992 மே 25. தொலைக்காட்சியில் வாசித்த இலக்கம் 349. கட்டிப்பிடித்து அழுதார்கள், பிள்ளைகளைத் தூக்கிச் சுற்றினார்கள். கடன் தீர்ந்தது, வீடு வந்தது என்று எண்ணியபடி மூடியைப் பொத்திக்கொண்டு தொழிற்சாலைக்கு ஓடினார்கள். அங்கே போனால் வரிசை! முன்னால் நிற்பவர் கையிலும் 349, பின்னால் நிற்பவர் கையிலும் 349. வெல்லும் மூடி 2 இருக்க வேண்டிய இடத்தில், 349 அச்சான மூடிகள் 8 இலட்சம் வரை!

எல்லாருக்கும் கொடுத்தால் 80,000 கோடி பீசோ! பாதுகாப்புக் குறியீடு பொருந்தவில்லை என்றது கம்பனி. ஆளுக்கு 500 பீசோ தருகிறோம் என்றது. 4 இலட்சத்து 86 ஆயிரம் பேர் வாங்கிக்கொண்டார்கள். வாங்காதவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். லொறிகள் எரிந்தன. குறைந்தது 5 பேர் செத்தார்கள். ஒரு போத்தல் மூடிக்கு 5 உயிர்!

22,000 பேருக்கு மேல் சட்டத்தை நாடினார்கள். கடைசித் தீர்ப்பு வர 2006 ஆகிவிட்டது. 14 வருஷம்! உச்ச நீதிமன்றம் பெப்சி பணம் கொடுக்கத் தேவையில்லை என்றது. இதில் எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது ஒன்று. அந்தப் போட்டி அரசின் வர்த்தகத் திணைக்களத்திடம் முறையாக அனுமதி வாங்கியே நடந்தது! அனுமதிச் சீட்டில் எந்தக் குறையும் இல்லை. அச்சடித்த மூடிகளை மட்டும் யாரும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை!

குலுக்கல் நடத்துபவரே திருடினால்? மெக்டொனால்ட்ஸ் மொனோபொலி போட்டியில் 1989 முதல் 2001 வரை அதுதான் நடந்தது! பெரிய பரிசுச் சீட்டுகளைக் காவல் காக்க வைத்த பாதுகாப்பு அதிகாரியே அவற்றை உருவி, தெரிந்தவர்கள் மூலம் வெளியே விட்டார். அவர் முன்னாள் பொலிஸ்காரர் வேறு! களவு போன பரிசு 2 கோடியே 40 இலட்சம் டொலர். எஃப்.பி.ஐ. பிடித்தது. மாட்டியவர்கள் 50க்கு மேல். வழக்கு நீதிமன்றத்தில் தொடங்கிய நாள் 2001 செப்டெம்பர் 10. மறுநாள் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்தன. வழக்கைப் பற்றிப் பேச ஆளில்லை!

அதே கதைக்குள் இன்னொரு கதை! 1995இல் மெம்பிஸ் நகரத்தின் சென்ற் ஜூட் சிறுவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பிரித்தால் உள்ளே 10 இலட்சம் டொலர் பரிசுச் சீட்டு! சீட்டைக் கைமாற்றக் கூடாது என்பது போட்டி விதி. ஆனாலும் கம்பனி விதியைத் தளர்த்தியது. வருஷத்துக்கு 50,000 டொலர், 20 வருஷம். அதை அனுப்பியதும் அந்தத் திருடர்தான் என்பது பல வருஷத்துக்குப் பிறகே வெளியே வந்தது!

பரிசு தருவதாக விளம்பரம் போட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதிக்கு வழி காட்டிய பெண்மணி யார் தெரியுமா? லண்டன் லூயிசா கார்லில்! 1891இல் கார்பொலிக் ஸ்மோக் போல் கம்பனி பேப்பரில் விளம்பரம் போட்டது. எங்கள் மருந்துப் பந்தை முகர்ந்தும் இன்ஃப்ளுவென்ஸா வந்தால் 100 பவுண் பரிசு! நம்புங்கள் என்று 1,000 பவுணை வங்கியில் போட்டும் காட்டியது. அம்மையார் நாளுக்கு மூன்று வேளை, ஏறத்தாழ இரண்டு மாதம் முகர்ந்தார். காய்ச்சல் வந்தே விட்டது!

அது சும்மா விளம்பரப் பேச்சு என்று கம்பனி கைவிரித்தது. 1892இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடவில்லை. வங்கியில் போட்ட பணமே நீங்கள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி, எடு 100 பவுணை என்றது! கொழும்பில் சட்டம் படிக்கும் எந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள், இந்த வழக்கின் பெயரைத் தூக்கத்திலும் சொல்லும்.

அம்மையார் பிறகு எத்தனை வயது வரை வாழ்ந்தார்? 96! 1942இல் காலமானார். வைத்தியர் எழுதிய முதல் காரணம் முதுமை. இரண்டாவது காரணம் இன்ஃப்ளுவென்ஸா!